இருபத்திரண்டு பாட்டு

பிடோக்கில் இருக்கும் என் அக்கா மகள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஒரு வழக்கம். பிள்ளைகள் என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். எந்த நடிகர் முதன்முதலில் எந்த வேஷத்தில் வந்தார், எந்தப் பந்தாட்டத்தில் எந்தக் கோல்கீப்பர் கையை ஒடித்துக்கொண்டார், எந்த வில்லனுக்கு நிஜ மீசை, எவனுக்கு ஒட்டு மீசை. நான் டக் டக்கென்று சொல்வேன். கைதட்டுவார்கள். ஆனால் ஒரு படத்தில் எத்தனை பாட்டு என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் எழுந்து காரிடாருக்குப் போய்விடுவேன். தாத்தாவுக்கு வயசாச்சு, மறந்துபோச்சு என்று உள்ளே பேசிக்கொள்வது காதில் விழும். மறந்தால்தான் தேவலையே! சனியன், அதுதான் மறக்க மாட்டேனென்கிறது.

சண்டையில் வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு ஜப்பான்காரன் இந்தத் தீவைப் பிடித்துவைத்திருந்த காலம் அது. எனக்கு இருபது தாண்டியிருந்தது. சண்டைக்கு முன்னால் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அதன் பிறகு ஜப்பான்காரனின் கிடங்கில் சாக்கு அடுக்குபவர்களுக்கு மேஸ்திரி என்று பேர், அடி வாங்குவதற்கும் நானே முதல் ஆள். அந்த வேலை, இந்த வேலை எதுவும் எனக்குப் பெருமையில்லை. என் பெருமையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தொடங்கியது. இங்கே வந்த ஒவ்வொரு தமிழ்ப் படம், இங்கிலீஷ் படத்தின் விவரம், பாடியவர், ஆடியவர், எத்தனை ரீல், எத்தனை பாட்டு. பந்தாட்டமென்றால் யார் அடித்தார், எத்தனையாவது நிமிஷம். தேக்காவில் முடிதிருத்தும் கடையில் தகராறு வந்தால், "ஏய், அவனைக் கூட்டிட்டு வாங்கடா" என்று ஆள் அனுப்புவார்கள். நான் போய்த் தீர்ப்புச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த நோட்டுப் புத்தகத்துக்கும் கேடு வந்தது. ஜப்பான்காரன் வீடு வீடாகச் சோதனை போடுகிறான், இங்கிலீஷ் சம்பந்தமாக எதைக் கண்டாலும் உதைக்கிறான் என்று பேச்சு கிளம்பியதும், இங்கிலீஷ் படம் பற்றி எழுதியிருந்த பக்கங்களை நானே கிழித்து அடுப்பில் போட்டேன். பாதிப் புத்தகம் போயிற்று. இந்தியாவிலிருந்து கப்பல் நின்றது, புதுப் படம் நின்றது. வெளிநாட்டுச் சேதி கேட்காதபடி ரேடியோவைத் திறந்து முடக்கிவிட்டுச் சீல் வைத்தான். பந்தாட்டத் திடலில் கிழங்கு நட்டார்கள். உலகத்தில் எவன் எங்கே கோல் போட்டான் என்று தெரியாமல் நான் பைத்தியம் பிடித்தவன் மாதிரி அலைந்தேன். சோற்றுக்கு இல்லாத காலத்தில் இதுவா கவலை என்பீர்கள். என் அக்காவும் அதைத்தான் கேட்டாள்.

"ஊரே கிழங்கத் தின்னு வயிறு ஊதிக் கெடக்கு. நீ என்னடான்னா, எவன் கோல் போட்டான்னு அழுவுற. உன் சினிமா அறிவுல ஒரு நாளாவது அடுப்பு எரியுமாடா?"

அக்காவுக்குக் கேட்க உரிமை உண்டு. அத்தானைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போனவர் பற்றி ஒரு சேதியும் இல்லை. அக்காவும் ஐந்து மாதக் கைக்குழந்தையும் நானும் எருமைச் சாலைப் பக்கம் ஒரு கடைக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். கிழங்கு தின்று தின்று அக்காவுக்குப் பால் வற்றிப்போயிற்று. அரிசி கிடைத்த நாளில் கஞ்சித்தண்ணி, கிடைக்காத நாளில் கிழங்கு மாவைக் கரைத்துத் துணியில் நனைத்துக் குழந்தை வாயில் வைப்பாள். குழந்தை சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அழக்கூடத் தெம்பில்லாமல் ஒரு முனகல். சிராங்கூன் சாலையில் முன்பெல்லாம் காலையில் வீட்டு வாசலிலேயே மாட்டை நிறுத்திப் பால் கறந்துகொடுத்த ஊர்தான் இது. அந்த மாடுகள் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை.

இந்த லட்சணத்தில் ஊரில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு தமிழ்ப் படம். மற்ற படப்பெட்டிகள் எல்லாம் எரிந்தோ தொலைந்தோ போய், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் அந்த ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அதையே வாராவாரம் ஓட்டினார்கள். ஓட்டி ஓட்டி ஃபிலிம் நைந்துபோயிற்று. அறுந்த இடத்தை ஆப்பரேட்டர் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார். ரீலின் தலையும் வாலும்தான் முதலில் போகும். தலையில் ஒரு பாட்டு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒரு நாள் பாட்டே இருக்காது. முதலில் கிணற்றடிப் பாட்டு போயிற்று. அப்புறம் கோமாளியின் பாட்டு. கடைசியாகத் தாய் பாடும் தாலாட்டு. அது போன அன்று நான் வீட்டுக்கு வந்து, "தாலாட்டையும் வெட்டிட்டானுங்க அக்கா" என்று ஒரு மணி நேரம் புலம்பினேன். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்த பாட்டு அது.

ஃபிலிம் அறுந்தால் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஜனங்கள் விசிலடிக்கத் தொடங்கினால் முன் வரிசை நாற்காலியில் இருக்கும் ஜப்பான்காரன் திரும்பிப் பார்ப்பான். அவன் எழுந்து வந்தானென்றால் யார் கன்னம் பழுக்குமென்று சொல்ல முடியாது. அதனால் கொட்டகை மேனேஜர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு மேடையில் ஏறி சினிமாக் கேள்வி கேட்பார். ஒட்டி முடிக்கும்வரை கூட்டம் வாயை மூடிக்கொண்டு யோசிக்கும். சரியாகச் சொன்னவருக்கு துணி துவைக்கிற சவுக்காரம் ஒரு துண்டு, இரண்டு சுருட்டு, ஒரு கருவாடு என்று ஏதாவது பரிசு. எனக்கு எட்டுத் துண்டு சவுக்காரம் கிடைத்திருக்கிறது.

ஜப்பான்காரர்களின் சக்கரவர்த்தி பிறந்தநாள் வந்தது. கொட்டகை வாசலில் பலகை வைத்தார்கள். பகல் ஆட்டத்தில் விசேஷக் கேள்வி, பரிசு ஒரு டின் பால். நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அதுவரை என் நோட்டுப் புத்தகத்தை அடுப்புக்கு விறகாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குச் செம்பில் தணலைப் போட்டு என் சட்டையைத் தேய்த்துக்கொடுத்தாள்.

"போய்ட்டு வாடா. சினிமாவுல ஒனக்குத் தெரியாததா?" என்று வாசல்வரை வந்து அனுப்பினாள். குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினாள். அவள் சிரித்து ஆறு மாதமாகியிருக்கும்.

கொட்டகையில் எல்லாரும் எழுந்து, அந்தச் சக்கரவர்த்தி இருக்கும் தோக்கியோ திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தோம். படம் தொடங்கியது. நடுவில் ஃபிலிம் அறுந்தது. வழக்கம்போல மேனேஜர் ஏறினார். கையில் பால் டின்.

"கேள்வி இதுதான். இங்க ஓடுதே இந்தப் படம், இதுல மொத்தம் எத்தனை பாட்டு?"

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதுவா கேள்வி! துள்ளி எழுந்தேன். "இருபத்திரெண்டு!"

மேனேஜர் என்னைப் பார்த்தார். அவருக்கு என் வீட்டு நிலைமை தெரியும். அக்கா புருஷன் சயாமுக்குப் போனதும் தெரியும், குழந்தை இருப்பதும் தெரியும். அந்தக் கேள்வியையே எனக்காகத்தான் வைத்தாரோ என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

"தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லு. இங்க, இந்தக் கொட்டாயில, இப்ப ஓடுற படத்துல எத்தனை?"

"இருபத்திரெண்டுதாங்க. பாட்டுப் புத்தகம் வீட்ல இருக்கு. கொண்டாந்து காட்டவா?"

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது தம்பி. இன்னொரு வாட்டி கேக்குறேன்."

மூன்று முறை கேட்டார் அந்த மனுஷன். மூன்று முறையும் நான் இருபத்திரண்டு என்றேன். என் பிடிவாதத்துக்குக் காரணம் சொல்கிறேன், நியாயம் என்று சொல்லவில்லை. ஜப்பான்காரன் வந்து ஊர் பேரை மாற்றினான். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்து அதுதான் நேரம் என்றான். நோட்டில் வாழைமரம் போட்டு அதுதான் காசு என்றான். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினோம். இந்த ஒன்றையாவது மாற்ற விடமாட்டேன் என்று எனக்குள் ஒரு வெறி. இருபத்திரண்டு என்றால் இருபத்திரண்டு. எவன் வெட்டினாலும் இருபத்திரண்டு.

"பத்தொம்போதுய்யா" என்று கதவுப் பக்கமிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினோம். கொட்டகை வாசலில் கிழங்கு அவித்து விற்கும் அம்மா. விளக்குப் போட்டதும் வியாபாரம் பார்க்கலாமென்று கூடையோடு கதவை எட்டிப்பார்த்திருக்கிறார். "போன மாசம் வரைக்கும் இருவது. இப்பப் பத்தொம்போது. ஒம்போதாவது பாட்டு வந்தா நான் அடுப்ப ஊதுவேன், பத்தாவது முடிஞ்சா இடைவேள விடுவாங்க. கடிகாரத்த நம்பியா யாவாரம் பண்ணுறேன்?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. படத்தை ஒரு நாளும் உள்ளே வந்து பார்க்காத பொம்பளை! சுவருக்கு வெளியே உட்கார்ந்து காதால் கேட்டுக் கேட்டு எண்ணி வைத்திருக்கிறாள். மேனேஜர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, டின்னை அந்த அம்மாவிடம் கொடுத்தார். முன் வரிசை ஜப்பான்காரன்கூடக் கைதட்டினான். எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

மீதிப் படத்தை நான் பார்க்கவில்லை. வெளியே போனேன். அந்த அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். கூடையில் கிழங்குக்குப் பக்கத்தில் பால் டின். எட்டி எடுத்துவிடலாம் போல அத்தனை கிட்டத்தில் இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கேலியில்லை.

"என்னாப்பா? மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க?"

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'அம்மா, வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது' என்று ஒரே ஒரு வார்த்தை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கிணற்றடிப் பாட்டு எந்த ரீலில் இருந்தது, கோமாளி பாட்டு எங்கே வரும், வெட்டிவிட்டால் பாட்டு இல்லையென்று ஆகிவிடுமா, ஒருத்தன் விரலை வெட்டிவிட்டால் மனுஷனுக்கு நாலு விரல் என்று எழுதுவீர்களா என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். அவர் ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"இப்ப ஒனக்கு என்னதாம்பா வேணும்?"

"நான் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கங்க."

"சரிப்பா. நீ சொன்னதுதான் சரி. போதுமா?"

"போதும்" என்று சொல்லிவிட்டு நான் விறுவிறுவென்று நடந்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அட மடையா! தேக்கா சந்தையைத் தாண்டிய பிறகுதான் கை வெறும் கை என்று உறைத்தது. திரும்பிப் போகக் கால் வரவில்லை.

அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, கிண்ணம், பால் புகட்டும் பாலாடை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். என் கையைப் பார்த்தாள். நான் அவள் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். கேள்வியே தப்பு, மேனேஜருக்கு அறிவில்லை, கிழங்கு விற்கிறவளுக்கு சினிமாவைப் பற்றி என்ன தெரியும். எல்லாவற்றையும் கொட்டினேன். நான் ஓய்ந்த பிறகுதான் கேட்டாள்.

"பத்தொம்பதுன்னு சொல்லியிருந்தா பால் குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருப்பாங்க."

"தாலாட்டயும் வெட்டிட்டானுங்கன்னு போன மாசம் வந்து பொலம்புனியே. அதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டு போச்சுன்னியே. அப்போ பத்தொம்பதுன்னு ஒனக்குத் தெரியும்ல?"

நான் அவள் தேய்த்துக்கொடுத்த சட்டையைக் கழற்றப் போனேன்.

"சொல்லுடா. தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் எதிர்த்துக் கத்தியிருப்பேன். உள்ளே போய், கொதித்த தண்ணீரில் கிழங்கு மாவைக் கரைக்க ஆரம்பித்தாள். மறுநாள் விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளே அந்தக் கிழங்கு அம்மாவைத் தேடிப் போனாள். அவர் டின்னை முதல் நாளே ஒரு படி அரிசிக்கு மாற்றிவிட்டிருந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டுத் தலையில் தலையில் அடித்துக்கொண்டாராம். "அந்தப் புள்ள பாட்டு பாட்டுன்னு கத்துச்சே தவிர, பால்னு ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்று அழுதாராம். அந்த அரிசியில் பாதியைக் கொடுத்தனுப்பினார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. கஞ்சியிலும் கிழங்கிலும் பிழைத்தது. ஆனால் நடக்கத் தொடங்கியபோது கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. சத்தில்லாத எலும்பு என்றார் சண்டை முடிந்த பிறகு பார்த்த டாக்டர். அத்தான் திரும்பி வரவேயில்லை. அக்கா சாகும்வரை அந்த நாளைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் யாராவது, "உங்க தம்பிக்குத்தான் எவ்வளவு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்று என்னைப் புகழ்ந்தால், கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமல், "ஆமா, அவனுக்கு எல்லாம் தெரியும்" என்பாள். நாற்பது வருஷம் அதைக் கேட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் அக்கா மகள் அடுக்களையிலிருந்து எனக்குக் கோப்பி கொண்டுவந்தாள். வளைந்த அந்தக் கால்களை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்து நடந்து, தட்டில் சிந்தாமல், நிறையப் பால் விட்டுக் கொண்டுவந்தாள். ஒரு டின் பாலால் எந்தக் காலும் நிமிர்ந்திருக்காது. அதுவும் எனக்குத் தெரியும்.