இரண்டு தரம் போட்ட கராம்பு

“நெருப்பைக் குறைக்கச் சொல்லு தங்கச்சி, பொங்கப்போகுது!”

“இஞ்சாருங்கோ, நெருப்பைக் குறைக்கட்டாம். பொங்கப்போகுதாம்.”

“பொங்காது எண்டு சொல்லு.”

“அண்ணை, பொங்காதாம்.”

பவளராணி சொல்லி வாய் மூடுவதற்குள் பொங்கிவிட்டது. பழுப்பு நுரை கிடாரத்தின் விளிம்பால் இறங்கிக் காஸ் அடுப்பை அணைத்தது. கராஜ் முழுக்க அவித்த பார்லியின் மணம். இரண்டு ஆண்களும் ஒரே துணியை எடுக்கக் குனிந்து, மயிரிழையில் தலை முட்டாமல் தப்பி, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பவளராணியின் கணவர் கதிர்காமுவுக்கும் தவராஜாவுக்கும் மே மாதத்திலிருந்து பேச்சில்லை. இந்த 2009 மேயில், இலங்கையில் சண்டை ஓய்ந்த அந்தக் கிழமை, இதே வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து கதிர்காமு “முடிஞ்சுது” என்றார். தவராஜா “முடியேல்லை” என்றார். பாதி குடித்த தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு பவளராணி அந்தச் சொல்லையே வீட்டில் எடுப்பதில்லை. அரிசி முடிந்தாலும் “அரிசி இல்லை” என்பாள்.

டென்மார்க்கின் சில்க்போர்க்குக்கு வந்து இருபத்துமூன்று வருடம். கதிரைத் தொழிற்சாலையில் கதிர்காமுவுக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். சிநேகிதர் என்றால் தவராஜா மட்டும்தான். டெனிஷ்காரர் நத்தார்ப் பண்டிகைக்கென்று குடிக்கும் கறுத்த பியரை முதல் வருடம் இருவரும் வாங்கிக் குடித்தபோது, “இதுக்குள்ள இன்னும் கொஞ்சம் கறுவா போட்டால் என்ன?” என்று கேட்டவர் தவராஜா. அதிலிருந்து ஒவ்வொரு ஒக்டோபரும் தாங்களே காய்ச்சினார்கள். முளைகட்டிய பார்லி மோல்ட்டும், கசப்புக்கு ஹொப்ஸும், புளிக்கவைக்க ஈஸ்ட்டும் கதிர்காமுவின் பொறுப்பு. கறுவா, கராம்பு என்று வாசனைச் சரக்கு தவராஜாவின் பொறுப்பு. கிடாரமும் தவராஜாவுடையது. ஊரெல்லாம் கலியாணச் சோறு போட்டுவிட்டுக் கதிர்காமுவின் கராஜில் வந்து தங்கிய கிடாரம்.

இந்த வருடம் பவளராணி மூலம் தவராஜாவின் சேதி வந்தது: “கடைசியா ஒருக்காக் காய்ச்சுவம். பிறகு கிடாரத்தைக் கொண்டு போயிடுவன்.”

கிடாரம் போனால் தவராஜா இந்த வாசலை மிதிக்க வேறு காரணம் கிடையாது. அது கதிர்காமுவுக்குத் தெரியும். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுப்பைத் திரும்பப் பற்றவைத்த நேரம் பவளராணியின் கைபேசி அடித்தது. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்யும் ஒருத்திக்குச் சுகமில்லை. பின்னேர வேலைக்கு ஆள் வேண்டும்.

“நான் போறன். மிச்சத்தை நீங்களே கதையுங்கோ. இல்லாட்டி ஊமைப் பாஷையில காய்ச்சுங்கோ.”

ஊமைப் பாஷையில்தான் காய்ச்சினார்கள்.

கொதி இறக்குவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன் சரக்குப் போட வேண்டும். சரியாக அந்த நேரத்தில் தவராஜா ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கதிர்காமு பொறுத்துப் பார்த்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். போய்விட்டான் மனுசன், கிடாரத்தைக்கூட வேண்டாமென்று. எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் தானே இடித்து வைத்திருந்த கராம்பு, கறுவா, ஏலம், தோடம்பழத் தோல் எல்லாவற்றையும் உள்ளே கொட்டினார். கோபத்தில் கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது.

கொட்டி முடிய தவராஜா உள்ளே வந்தார், கையில் ஒரு துணி முடிச்சோடு. காரில் விட்ட சரக்கை எடுக்கப் போயிருக்கிறார்.

‘போட்டாச்சு’ என்று ஒரு சொல் போதும். ஆனால் முதலில் வாய் திறப்பவர் மே மாதத்து வழக்கில் தோற்றவர் ஆவார். கதிர்காமு வேண்டாம் என்பதாக அகப்பையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார். துழாவச் சொல்கிறார் என்று தவராஜா அதை வாங்கிக்கொண்டார். முடிச்சை அவிழ்த்துக் கொட்டி, அடிமட்டும் துழாவினார்.

பிறகு ஒரு கரண்டி எடுத்து, ஊதி, நாக்கில் விட்டார்.

“ஐயோ! பல்லுப் புடுங்கிற இடத்து மணம்! ஆர் இவ்வளவு கராம்பு போட்டது?”

கராஜில் இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்பது கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“நீர்தான்,” என்றார் கதிர்காமு.

“அதுக்கு முன்னம்?”

“நான்.”

“போட்டிட்டன் எண்டு சொல்ல வாயில்லையே உமக்கு?”

“நீர் போயிட்டீர் எண்டு நினைச்சன்.”

தவராஜா கரண்டியைக் கீழே வைத்தார். “கிடாரத்தை விட்டுட்டு எங்கை போறது?”

கதிர்காமுவும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். நாக்கின் நுனி இருக்கிற இடம் தெரியவில்லை. “முடிஞ்சுது” என்று சொல்ல வாயெடுத்தவர், அதை அப்படியே விழுங்கினார்.

“வாற சனி சரக்கில்லாமல் இன்னொரு கிடாரம் காய்ச்சி, ரெண்டையும் கலப்பம்,” என்றார் கதிர்காமு.

“எண்பது போத்தல் வரும். ஆர் குடிக்கிறது?”

“பக்கத்து விபோர்க்கில எங்கட சனமில்லையே?”

“அவங்களோடயும் நான் கதைக்கிறேல்லை.”

“அப்ப பவளத்தை அனுப்புவம்.”

அடுத்த நாள் ஞாயிறு. மழை. வாளிக்கு மாற்றிய பியரில் ஈஸ்ட் வேலை தொடங்கி, மூடியின் குழாயில் குமிழ் வந்துகொண்டிருந்தது. பத்தரைக்குத் தவராஜா வந்தார். இருவரும் மோல்ட் வாங்கப் போனார்கள், கடை பூட்டியிருந்தது. மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. “தங்கச்சி, அவரிட்ட உப்பைத் தரச்சொல்லு,” என்றார் தவராஜா, பழக்கத்தில். பவளராணி உப்பை எடுத்து நடுவில் வைத்தாள். தொலைக்காட்சி போடவில்லை. மூன்று மணிக்குத் தவராஜா போனார். கிடாரம் கராஜிலேயே கவிழ்த்தபடி இருந்தது.