ஐந்து கியருக்கு ஒரு கணக்கு

என் பழைய ஸ்கூட்டருக்கு நாலு கியர்தான். ஃப்ரீமான்ட் ஊரில் எங்கள் வீட்டுக்குப் போகும் மேட்டில் மூன்றாவதில் கத்தும், நான்காவதற்கு மாற்றினால் திணறும். ஐந்து கியர் பெட்டி ஒன்று கிடைக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதில் இரண்டு வகை. ஒன்று சமதளத்தில் பறக்கும். மற்றதில் கியர்கள் நெருக்கமாக இருக்கும். வேகம் அதிகமாகாது, ஆனால் மேடு ஏறும். ஆபீஸ் புத்தி விடுமா? எக்ஸெலைத் திறந்து கியர்களின் பல் எண்ணிக்கை, டயர் சுற்றளவு, என் எடை எல்லாம் போட்டேன். பறக்கிற பெட்டிதான் ஜெயித்தது. துள்ளிக்கொண்டு போய் மனைவியிடம் காட்டினேன்.

அவள் என் எடை இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள். "இந்த ஷீட்ல நான் எங்க இருக்கேன்?"

சனிக்கிழமைதோறும் மௌரி அவென்யூ மளிகைக் கடையிலிருந்து பின்சீட்டில் அவளும் என் காலடியில் அரிசி மூட்டையும் வருவதை அடியோடு மறந்திருந்தேன். இரண்டையும் சேர்த்ததும் பறக்கிற பெட்டி கணக்கிலேயே பாதி மேட்டில் படுத்துவிட்டது.

நெருக்கமானதையே வாங்கி மாட்டினேன். முதல் சனிக்கிழமை, பின்சீட்டில் அவளோடும் காலடியில் அரிசியோடும் அதே மேடு. நான்காவதில் வண்டி கும்மென்று இழுத்தது. நான் அசந்துபோய் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"இன்னொரு கியர் சும்மாதானே இருக்கு? அதையும் போடுங்க!"