கழுவக் கழுவ வந்த வாடை

சென்ற மாதம் ஒரு நாள் எங்கள் மாடி டேங்க் காலையிலேயே காலி. மறுநாளும் காலி. அதற்கடுத்த நாள் நானே படியேறினேன் — சண்டை போடத்தான்.

பென்னலூரில் எங்கள் மாடி போர்ஷனில் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். நால்வரும் தெற்கத்திப் பிள்ளைகள். ஒரகடம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், கொண்டுவந்து இறக்கும்.

பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "இன்னாம்மா பண்ற உள்ள? ஏரியே காலியாயிடும் போல கீதே" என்று குரல் கொடுத்தேன்.

வெளியே வந்தவள் முத்துமாரி. அவளோடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி கிருமிநாசினி நெடியும் வந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"இந்த மாசத்தோட வேலைய விட்டுருதேன்க்கா. ஊருக்குப் போயிருதேன்."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. கீழே அழைத்து வந்து டீ கொடுத்தேன். அதன் பிறகுதான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சில வாரங்களாகவே வெள்ளைப்படுதல்... தண்ணீர் மாதிரி, சாம்பல் கலந்த வெள்ளை. மீன் வாடை. மாதவிலக்கை ஒட்டி இன்னும் அதிகம். அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் விவரம் சொல்லக் கூச்சப்பட்டு, அரிப்புக்கான க்ரீம் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறாள். அது கேட்கவில்லை.

"கம்பெனிக்குள்ள எல்லாரும் மாஸ்க் போட்டிருப்போம், தெரியாது. பஸ்லதான்க்கா பயம். அன்னைக்குப் பக்கத்துல இருந்த பிள்ள சட்டுனு சன்னலைத் தொறந்துட்டா. அதுலருந்து கடைசி சீட்லதான் தனியா இருக்கேன்."

அந்தப் பெண் காற்றுக்காகத் திறந்திருக்கலாம். ஆனால் பயந்துபோனவளிடம் அதைச் சொல்லி என்ன பிரயோஜனம்? வீட்டில் மல்லுக்கட்டி, அழுது, சாப்பிடாமல் கிடந்து வாங்கிய அனுமதி. அவள் சொந்தக் காலில் நிற்கும் வேலை. ஒரு பஸ் ஜன்னலால் கைவிட்டுப் போகப் பார்த்தது.

சரி, தண்ணீர் எதற்கு இவ்வளவு?

அவள் வேலை பார்ப்பது க்ளீன் ரூமில். தலை முதல் கால் வரை மூடிய உடை. வாசலில் செருப்புத் தூசியை ஒட்டி எடுக்கும் பாய். மேஜையை ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒரு முடி விழுந்தாலும் சூப்பர்வைசர் வந்து நிற்பார். பொருள் கெட்டால் காரணம் அழுக்கு, அழுக்கென்றால் இன்னும் துடை — இதுதான் அவளுக்கு அங்கே தினசரிப் பாடம். அந்தப் பாடத்தை அப்படியே தன் உடம்புக்கும் போட்டுவிட்டாள். கிருமிநாசினி கலந்த தண்ணீரை உள்ளே விட்டுக் கழுவியிருக்கிறாள். ஷிஃப்ட்டுக்கு முன்னால், ஷிஃப்ட்டுக்குப் பின்னால். வாடை போகவில்லையா? இன்னொரு மூடி அதிகம்.

டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் என்னை வெளியே உட்காரச் சொன்னார். கேட்க வேண்டியதை அவளிடம் தனியாகக் கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு முத்துமாரியே, "அக்காவும் வரட்டும் மேடம்" என்று கூப்பிட்டாள்.

பஞ்சுக் குச்சியில் எடுத்த கசிவை ஒரு சின்னக் காகிதத்தில் தொட்டதும் அதன் நிறம் மாறியது. கொஞ்சத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, பக்கத்து அறை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "நீயும் பாக்கிறியாம்மா?" என்றார்.

முத்துமாரியின் வேலையே அதுதானே... சர்க்யூட் போர்டுகளில் சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஃபோகஸை அவளே திருகினாள். சற்று முன்னால் அழுத பெண்ணா இவள்?

"மேடம், இதுல ஓரம் கிளியரா இல்லையே. பொடி அப்புன மாதிரில்லா இருக்கு."

"கரெக்ட். அந்த ஓரத்தப் பாத்துதான் நாங்களும் கண்டுபிடிக்கிறோம்."

"போர்டா இருந்தா ரிஜெக்ட் போட்டிருப்பேன்."

"ரிஜெக்ட்லாம் வேணாம்மா. ரீவொர்க் போதும்."

அன்றைக்கு அப்போதுதான் சிரித்தாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். ரவை ஒட்டிய அப்பளங்கள் மாதிரி செல்கள். அந்த ரவைதான் கிருமிகள் என்று டாக்டர் விளக்கினார். அந்த இடத்தில் நல்ல பாக்டீரியாக்கள் கூட்டமாகக் குடியிருக்கின்றனவாம். லேசான புளிப்பைச் சுரந்துகொண்டே இருக்குமாம். அந்தப் புளிப்பில் வேண்டாத கிருமிகள் பெருக முடியாது. பெண்ணுறுப்பு உள்பக்கம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது! நாம் தூங்கினாலும், சண்டை போட்டாலும், டேங்க் காலியானாலும் உள்ளே வேலை நடக்கிறது. ரெண்டு பிள்ளை பெற்றவள் நான். எனக்குள்ளேயே இப்படி ஓர் ஏற்பாடு இருப்பது இத்தனை வயதுக்குப் பிறகு தெரிகிறது. மலைத்துப் போய் நின்றேன்.

உள்ளே மருந்து விட்டுக் கழுவினால் அந்த நல்ல கூட்டம்தான் முதலில் அடிபடும். புளிப்பு குறையும், மற்றவை பெருகும், வாடை வரும். காகிதம் நிறம் மாறியதும் புளிப்பு குறைந்ததால்தானாம். கழுவாதவர்களுக்கும் காரணமே தெரியாமல் வரலாமாம். பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று பெயர்.

"தாம்பத்திய உறவு இருக்கறவங்களுக்கு அதிகமா வரும், இல்லாதவங்களுக்கும் வரலாம். அழுக்கா இருக்கறதால வர்றதில்ல. இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல" என்றார் டாக்டர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

புளிப்பு என்றதும் நான் சும்மா இருப்பேனா? "அப்ப தயிர் தடவலாமா டாக்டர்?" என்றேன். "தயிரச் சோத்துல போட்டுச் சாப்பிடுங்க" என்றார்.

ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாடை போய்விட்டதென்று பாதியில் நிறுத்தக் கூடாது. வெளியே கழுவ வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதுவுமே வேண்டாம், வாசனை வாஷ்கூட. அரிப்போடு தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்பட்டால் அது பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு மருந்து வேறு. அடிவயிற்றில் வலியோ காய்ச்சலோ இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பிணிகள் கட்டாயம் காட்ட வேண்டும் — கவனிக்காவிட்டால் குறைப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுமாம். இது திரும்ப வரக்கூடியது; வந்தால் பழைய சீட்டை நீட்டி மாத்திரை வாங்காமல் மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

இதை எழுதட்டுமா என்று முத்துமாரியிடம் கேட்டேன். "பேரை மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.

ஊருக்குப் போகும் பேச்சே இப்போது இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கீழே வந்தவள், "அக்கா, திரும்பவும் கடைசி சீட்லதான் போறேன்" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. "மறுபடி வந்துட்சா?"

"எனக்கு நல்லாயிட்டுக்கா. கம்பெனியில வேற லைன்ல வேல பாக்குற ஒரு பிள்ள... கொஞ்ச நாளா அங்க தனியா இருக்கா. பைய மடியில அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு. மழைச்சாரல் அடிக்கி, சன்னலை மட்டும் மூட மாட்டேங்கா. அதான் நானும் போயி அவ பக்கத்துல இருந்தேன்."

"இன்னா சொன்ன அவகிட்ட?"

"மொதல்ல சன்னலைச் சாத்தினேன். அப்புறந்தான் பேசினேன்."