அம்மாவின் வாயில் தெர்மோமீற்றர்

எங்கள் அம்மா கதைக்கத் தொடங்கினால் எங்கள் ஊரான சல்லியின் கடற்கரையில் கருவாட்டுக்குக் காவல் தேவையில்லை. காகங்கள் தாமாகவே தள்ளிப் போய்விடும். அப்படிப்பட்டவரை ஒரு டொக்டர் அரை மணித்தியாலம் வாய் மூடி இருக்க வைத்தார். நடந்தது எழுபதுகளில். அந்த டொக்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

நான் இருதயத்தில் ஓட்டையோடு பிறந்தவள். அழுதால் உதடு நீலமாகிவிடும். அதனால் என்னை அழவிடக் கூடாது என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். ஒளித்துப் பிடித்து விளையாடும்போது நான் ஒளித்திருக்கும் இடம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் காணாதவர்கள் மாதிரிக் கடந்து போவார்கள். யாராவது என் பெயரைக் கேட்டால் அம்மா சொல்வார். அம்மா இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமி சொல்வார். கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்து, உதடு சிவந்த பிறகும் சட்டம் மாறவில்லை. எனக்கு எது ஏலும், எது ஏலாது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது.

பள்ளிக்கூடத்தில்தான் பிடிபட்டேன். கரும்பலகையில் இருப்பதை மற்றப் பிள்ளைகள் எழுதி முடிக்கும்போது நான் முதல் வரியில் நிற்பேன். கொப்பியை எடு, பக்கத்தைத் திருப்பு, கோடு போடு என்று ஒரே மூச்சில் சொன்னால், கொப்பியை எடுத்துவிட்டு விழித்துக்கொண்டிருப்பேன். எங்கள் தலைமை ஆசிரியையை எல்லாரும் பெரிய ரீச்சர் என்போம். ஒருநாள் அவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"பிள்ளைக்குப் படிப்பு ஏறுதில்லை. இந்தத் தவணையோட நிப்பாட்டிப்போட்டு வீட்டில வச்சுப் பாருங்கோ" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். அங்கே மட்டும்தான் என்னைப் பார்த்து ஒருவரும் 'பாவம்' என்று சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஏசுவது போல எனக்கும் ஏசினார்கள்.

அடுத்த கிழமை எனக்கு வழக்கமான இருதயக் கிளினிக். அப்பா என்னைச் சைக்கிள் பாரிலும் அம்மாவைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். வழி முழுக்க அம்மா பெரிய ரீச்சரைத் திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் வந்தார். வெளியே போட்டிருந்த நீள வாங்கில் எங்களுக்கு முன்னால் கிண்ணியாவில் இருந்து படகில் துறை கடந்து வந்த ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். அவனும் என்னைப் போல இருதயக்காரன்தான். உள்ளே போனவனை வெகுநேரம் வெளியே விடவில்லை.

எங்கள் முறை வந்தது. புதிதாக வந்திருந்த லேடி டொக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வழக்கத்தில் அத்தோடு சரி, நல்லாயிருக்கு என்று அனுப்பிவிடுவார்கள். இவரோ கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார்.

"இருதயத்தில பழுதோட பிறந்த பிள்ளைகள் சிலபேருக்கு ஞாபகத்திலயும் யோசிக்கிறதிலயும் கொஞ்சம் சிக்கல் இருக்கும், அம்மா. அதால இஞ்ச வாற எல்லாரையும் அதுக்கும் சேத்துப் பாக்கிறனான். முந்தியே தெரிஞ்சால் உதவி செய்யலாம். தெரியாட்டி மொக்கு எண்டு பேர் வச்சிடுவினம்."

வெளியே வாங்கு நிறையச் சனம். வேர்த்துக் கொட்டுகிற வெயில். இதையெல்லாம் செய்யச் சொல்லி அவரை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவசரமே இல்லாதவர் மாதிரி என்னிடம் கேட்டார்.

"உங்கட வீட்டில ஆரார் இருக்கினம்?"

அம்மா சொன்னார்.

"உங்களுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

அதையும் அம்மாதான் சொன்னார். சுறாப்புட்டு.

டொக்டர் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்குக் காய்ச்சல் மாதிரிக் கிடக்கு. வாயைத் திறவுங்கோ" என்று தெர்மோமீற்றரை நாக்குக்குக் கீழே வைத்துவிட்டார். "நான் எடுக்குமட்டும் கதைக்கப்படாது."

அம்மா ஒரு நாளும் டொக்டர் சொல்லைத் தட்டாதவர். கண்ணாடிக் குழாயைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருந்தார்.

பிறகு ஒரு பொத்தானும் ஒரு கோப்பையும் மேசைக்கு வந்தன. "பொத்தானை எடுங்கோ, கோப்பைக்குக் கீழ வையுங்கோ, யன்னலைச் சாத்துங்கோ." நான் பொத்தானை எடுத்துவிட்டு நின்றேன். "ம்ம்! ம்ம்!" என்று அம்மா கண்ணால் கோப்பையைக் காட்டினார். "கண்ணாலயும் சொல்லப்படாது" என்று டொக்டர் அம்மாவின் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். அதே வேலைகளைப் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தேன். பெட்டி ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னார், கை இழுபட்டது. அவர் பொறுத்திருந்தார். கடைசியில், கருவாடு எப்படிப் போடுவது என்று கேட்டார்.

பதில் எனக்குள்ளே எங்கேயோ கிடந்தது. வர நேரம் எடுத்தது. ஆனால் இடையில் யாரும் வந்து தட்டிப் பறிக்கவில்லை. மீனைக் கீறுவது, கழுவுவது, உப்புப் போடுவது, மழை இருட்டினால் பாயோடு சுருட்டிக்கொண்டு ஓடுவது என்று சொல்லிக்கொண்டே போனேன். என் குரலை நானே அவ்வளவு நீளமாகக் கேட்டது அன்றைக்குத்தான். சுவரைப் பார்த்திருந்த அம்மாவின் தோள் குலுங்கியது. தெர்மோமீற்றர் மட்டும் விழவில்லை.

"பிள்ளை மொக்கு இல்லை, அம்மா" என்று அதை எடுத்தார் டொக்டர். "கன விசயம் சேத்துச் சொன்னால் தவறவிடுறா. கையும் கொஞ்சம் மெது. ஒண்டொண்டாச் சொல்லுங்கோ. மறுமொழி வருமட்டும் பொறுங்கோ. பள்ளிக்கூடத்திலயும் அதைச் சொல்லிப்போட்டு, பிள்ளையைக் கதைக்க விடுங்கோ. வருசா வருசம் கொண்டுவாங்கோ, இதையும் திரும்பப் பாப்பம்."

"எனக்குக் காய்ச்சலோ?" என்றார் அம்மா.

"இல்லை. இனி வராது" என்று சிரித்தார் டொக்டர்.

அடுத்தநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு என் வகுப்பில் நின்ற பெரிய ரீச்சரிடம் போனார். டொக்டர் சொன்னதைச் சொன்னார். ரீச்சர் நம்பாமல் என் பக்கம் திரும்பினார்.

"நீர் சொல்லும். என்னத்துக்குப் பள்ளிக்கூடம் வாறீர்?"

நான் யோசித்தேன். நேரம் போனது. ரீச்சர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் உதடுகள் தெர்மோமீற்றர் இன்னும் உள்ளே இருப்பது போல இறுகியிருந்தன. அந்த வாயை அடக்க அம்மா பட்ட பாட்டைப் போல வேறு யாரும் எனக்காகப் பட்டதில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

"படிக்க வந்தனான்" என்றேன்.

மிச்சம் இன்னும் வரவில்லை. அம்மா அதற்கும் பொறுத்தார்.

"ஒண்டொண்டாச் சொன்னால் எனக்கு விளங்கும், ரீச்சர்."

பெரிய ரீச்சர் "பையைக் கொண்டுபோய் முன்வாங்கில வையும்" என்றார்.

வைத்துவிட்டுத் திரும்பினேன். அடுத்ததைச் சொல்வதற்காக அவர் காத்துக்கொண்டு நின்றார்.