ஒயருக்குள் வர மறுத்த தாய்மாமன்

போன வெள்ளிக்கிழமை அருப்புக்கோட்டையில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். நின்றுபோகப் பார்த்தது! காரணம் என் காது.

சட்டைப் பையில் காது கேட்கும் மிஷின் டப்பா, அதிலிருந்து காதுவரை ஒரு மெல்லிய ஒயர் — நான் இப்படித்தான் என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். நாலு பேர் சேர்ந்து பேசினால் டப்பாவில் வெறும் இரைச்சல்தான். ஆனால் அதில் டெலிபோனுக்கென்று ஒரு சுவிட்ச் உண்டு.

எங்கள் தெரு ரேடியோ ரிப்பேர்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஹாலைச் சுத்தி ஒயர ஓட்டி மைக்செட்டுல குடுத்துருதேன். இந்தச் சுவிட்சப் போட்டுக்கிட்டு ஒயருக்குள்ள உக்காருங்க. மைக்குல பேசுறது நேரா ஒங்க காதுக்கு வரும்" என்றார்.

கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒயரை ஓட்டியதும் என் மகள் மைக்கில் மெதுவாக "அப்பா" என்றாள். அவள் குரல் அவ்வளவு மென்மையா? அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமன் நரிக்குடியிலிருந்து வந்தார். ஒயரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதென்னய்யா ஒயரு? பேசுறத எல்லாம் டேப்புல பிடிக்கப் போறாகளா?"

எமர்ஜென்சி முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை... யாருக்குத்தான் பயமில்லை? ஸ்பீக்கர்கூட இல்லை, என் காதுக்கு மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தோம். மனுஷர் எங்கள் வாயையே உற்றுப் பார்த்தார். "அங்க என்ன குசுகுசுங்கிறீக?" என்று மாப்பிள்ளையின் அம்மாவான தன் தங்கையை அதட்டினார். ஒயருக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தாய்மாமன் சபையில் வாய் திறந்து 'சம்மதம்' சொல்லாமல் எங்கள் ஊர்ப் பக்கம் தட்டு மாற்ற மாட்டோம். உள்ளே என் மகள் பட்டுப்புடவையோடு காத்திருக்கிறாள். எனக்கும் சந்தேகம் வந்தது. வேறு எங்காவது பெண் பார்த்துவிட்டார்களோ? ஒயர் ஒரு சாக்கோ?

மாப்பிள்ளையின் அப்பாவும் நானும் அவர் பக்கத்தில் போனோம்.

"மச்சான், நல்ல நேரம் போகுதுல்ல?"

"என்ன?"

சம்பந்தி மறுபடி சொன்னார். மறுபடியும் "என்ன?"

எனக்குச் சுரீரென்றது. பத்து வருஷம் நான் சொன்ன 'என்ன' அல்லவா அது! காது மந்தமானால் ஊரே நம்மைப் பற்றித்தான் பேசுவதுபோல இருக்கும். பெண்டாட்டியையே நம்பாமல் இருந்தவன் நான்.

டப்பாவைக் கழற்றி, டெலிபோன் சுவிட்சைப் போட்டு அவர் பையில் வைத்தேன். குமிழை அவர் காதில் செருகி, கையைப் பிடித்து ஒயருக்குள் இழுத்து வந்தேன். மைக் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நடுவில் இருந்தது. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அசையாமல் நின்று கேட்டார். பிறகு தங்கையைப் பார்த்து அவர் போட்ட சத்தம், டப்பா இல்லாமலே எனக்குக் கேட்டது:

"ஏத்தா! இத்தன வருசமா என்னையப் பத்தித்தான் பேசுறீகன்னு வெந்து செத்தேனே... வெறும் சாம்பாரப் பத்தியா பேசிக்கிட்டு இருந்தீக?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு 'சம்மதம்' என்றார். தட்டு கை மாறிவிட்டது. டப்பாதான் இன்னும் திரும்பி வரவில்லை... கேட்க எனக்கு மனசும் வரவில்லை.