மாமி விசாரிக்கப் போன வீடு

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அப்பாவின் தங்கையான என் மாமி, மீன் கொண்டுவந்தவரையும் அப்படித்தான் பார்ப்பாள். அவள் நம்பிய மனிதர் என்று ஊரில் ஒருவரும் கிடையாது. அதனாலேயே எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசினாலும், மாப்பிள்ளையின் ஊருக்குப் போய் ரகசியமாக விசாரித்து வருகிற வேலை மாமிக்குத்தான் வரும். துணைக்கு என்னைக் கூட்டிப்போவாள். பிள்ளைக்குத் தாகம் என்று சொன்னால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடலாம் அல்லவா?

அடுத்த வீட்டு அக்கா அண்டியாபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவளைத் தேடி ஒரு ஏஜென்ட் வந்தார். மஸ்கட்டில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, வருகிற வெள்ளிக்கிழமை பயணம் என்றார். அக்காவின் பாஸ்போர்ட்டை முன்பே வாங்கித் தன் பையில் வைத்திருந்தார். எனக்கு வெளிநாட்டு மிட்டாய் தந்தார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மாமி விடவில்லை. “பாஸ்போர்ட் எதுக்கு உங்க கையில? அங்க எறங்குனா யாரு கூப்பிட வருவா? அந்த வீட்டு நம்பர் தாங்க, பேசிப் பாக்கட்டு.”

“நம்ம பிள்ளைல்லாக்கா, நான் பாத்துக்கிட மாட்டனா?” என்று சிரித்தார். மூன்று கேள்விக்கும் அதே சிரிப்புதான்.

அவர் போனதும் அக்கா அழுதாள். “நாங்க நல்லா இருக்கது ஒங்களுக்குப் பிடிக்கல மாமி.”

“மாப்பிள்ளைன்னா நாலு வீட்டுல விசாரிப்போம். கடல் தாண்டி அனுப்புகதுக்கு விசாரிக்கப்பிடாதாட்டி?” என்றாள் மாமி.

அக்கா அந்த வெள்ளிக்கிழமை போகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று நான் அக்காவின் கட்சி. மாமியின் மூக்கு உடைபட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் மறுநாள் அவளோடு பஸ் ஏறினேன்.

ஏஜென்ட் தன் ஊர் என்று சொன்னது மண்டைக்காடு. கோயில் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியவில்லை. மாமி ஆளின் அடையாளம் சொல்லச் சொல்ல, ஒரு பூக்காரிக்கு மட்டும் ஞாபகம் வந்தது. அப்படி ஒருவர் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியை வேலைக்குக் கூட்டிப்போனார் என்று சொல்லி வீட்டைக் காட்டினாள். வழக்கம்போல நான் தண்ணீர் கேட்டேன்.

தண்ணீர் கொண்டுவந்த அம்மாவிடம் மாமி வந்த காரியத்தைச் சொன்னாள். கேட்டதும் அந்த அம்மா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்க மவளயும் அந்த ஆளுதான் கூட்டிட்டுப் போனாரு. மூணு மாசமாச்சு, ஒரு போன் இல்ல. நீங்க நாலும் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கிய. அவ நல்லாத்தான இருப்பா?”

மாமி அந்தப் பெண்ணின் போட்டோ ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிப் பர்சில் வைத்தாள்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஊரையே கேள்வி கேட்டுத் திணறடிப்பவளை ஒரு அம்மா ஒரே கேள்வியில் மடக்கிவிட்டாள். பஸ்ஸில் என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “ஒங்களுக்கும் பதில் தெரியலல்லா மாமி?” என்றேன்.

வேறொரு நாளாக இருந்தால் தொடையில் கிள்ளியிருப்பாள். அன்று திட்டக்கூட இல்லை. எங்கள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய், போலீஸ் ஸ்டேஷன் முன்னால் இறங்கினோம். அங்கே புகார் எழுதிக் கொடுத்து முடிக்கும்வரை, இடது கையால் என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. வலித்தது. நான் எங்காவது ஓடிவிடுவேன் என்று என்னையும் சந்தேகப்படுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.