அடுப்பு மூட்டும் நேரம்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கொழும்பில் பஸ் ஏறும் முன் நான் கடைசியாகப் பார்த்தது புத்தாண்டு மலரின் சுபநேரப் பக்கத்தை. பத்திரிகையில் பிழை திருத்துவது என் வேலை. அவசரமாகப் படித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினேன். அவிசாவளையைத் தாண்டிய பிறகுதான் சந்தேகம் முளைத்தது. அந்த ஆண்டு, புது வருடத்தின் முதல் அடுப்பு மூட்டும் சுபநேரம் பிற்பகலில். பக்கத்தில் முற்பகல் என்று இருந்ததோ?

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, இறப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அக்கா வீடு. பண்டிகைக்கு பஸ் நின்றுவிட்டதால் பத்திரிகையும் வரவில்லை. சாப்பிட்டாலும் படுத்தாலும் அந்த ஒரு வரிதான் கண் முன்னால் நின்றது. பிழையாக இருந்தால் எத்தனை வீடுகளில் நேரம் தவறி நெருப்பு வைப்பார்கள்? என் வேலை என்ன ஆகும்? புத்தாண்டன்று, கடைத்தெருவுக்கு இறங்கி அலுவலகத்துக்குப் போன் பேசுவதென்று செருப்பை மாட்டினேன். அக்கா மறித்தார்.

"எந்தக் கட தொறந்திருக்கும்? எல்லாருக்கும் நோனகத. சும்மா இரு தம்பி."

நோனகத என்பது பழைய ஆண்டுக்கும் புதியதற்கும் நடுவிலுள்ள நேரம். எந்த வேலையும் ஆகாது, அடுப்பிலும் நெருப்பு இருக்காது. கோயிலுக்குப் போகலாம், விளையாடலாம். சிங்கள அயலாரின் இந்த வழக்கம் எங்கள் லயங்களிலும் ஊறிப்போயிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டார்.

"பேப்பரப் பாத்து யாருடா அடுப்பு பத்த வைக்கிறா? வெடிச் சத்தம் கேட்டா வைப்போம்."

எங்கள் லயத்துக்கு அது சரி. கொழும்பில்?

அதற்கு மேல் யோசிக்க அக்காவின் கணவர், என் மச்சான், விடவில்லை. தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறவர். அன்று கீழ்க் கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் கயிறு இழுக்கும் போட்டி. ஓர் ஆள் குறைந்தது. என்னைக் கடைசியில் நிறுத்தி, கயிற்றின் நுனியை என் இடுப்பில் சுற்றினார்.

"கால ஊணி நில்லு மச்சான். கொழும்புல தின்னு வளத்த ஒடம்பு இதுக்காச்சும் ஒதவட்டும்."

அணிக்கொரு முறை வென்றாயிற்று. மூன்றாவது இழுப்பில் கயிறு எந்தப் பக்கமும் நகரவில்லை. மண்ணில் குதிகால்கள் புதைந்தன. முன்னால் இருந்தவரின் முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. லயத்துப் பெண்கள் தகரத்தைத் தட்டினார்கள். கடிகாரம் என் கையில்தான் இருந்தது. திருப்பிப் பார்க்க வழியில்லை. அரை அடி எங்கள் பக்கம் வந்தது. இன்னும் கொஞ்சம்.

கீழ்க் கிராமத்துப் புத்த விகாரையான பன்சல பக்கமிருந்து சீன வெடி படபடத்தது. அடுத்த நொடி பள்ளத்தாக்கு முழுவதும் வெடி. அடுப்பு மூட்டும் நேரம். கிராமத்து ஆட்கள் ஒன்றாகக் கயிற்றை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினார்கள். நாங்கள் கூட்டமாக மல்லாந்து மழைநீர் ஓடும் கானுக்குள் விழுந்தோம். எல்லோருக்கும் அடியில் நான். விட்டுப்போனது தோல்வி ஆகாது என்று அவர்களில் ஒருவர் ஓடிக்கொண்டே சிங்களத்தில் கத்தினார்.

மலரில் பிற்பகல் என்றே இருந்ததை அடுத்த வாரம் மேசைக்குத் திரும்பித்தான் பார்த்தேன். அன்று அது நினைவிலேயே இல்லை. இடுப்பில் கயிறோடு கானிலிருந்து எழுந்து, ஓடும் முதுகுகளைப் பார்த்து, நாங்கள்தான் வென்றோம் என்று சிங்களத்திலேயே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்: "அபி தினும்! அபி தினும்!"